வால்வருவி

மே மாதம் குற்றாலத்துக்கு அருவி தேடி வருகிறவர்களுக்குப் பாறையைத்தான் காட்ட முடியும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலை தாண்டினால்தான் சாரல், தண்ணீர், கூட்டம் எல்லாம். அதனால்தான் மச்சினன் தன் காட்டேஜைப் பதினைந்து நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் ஒத்துக்கொண்டேன். ஐந்தருவிச் சாலைப் பக்கம் ஆறு அறை, ஒரு நீச்சல்குளம். "ஒரு வேலையும் கிடையாது அத்தான், சும்மா இருந்தாப் போதும்" என்றான். அது ஒன்றுதான் எனக்கு வராது.

முதல் ராத்திரி குளத்து மோட்டார் 'உய்ய்ய்' என்று ஒரே சுதியில் இழுத்தது. வீட்டுக் குழாய் இரைந்தால் திருகிக் குறைப்போம் அல்லவா? மோட்டாருக்கு முன்னால் இருந்த பால் வால்வை முக்கால்வாசி மூடினேன். சத்தம் குறையவில்லை, கலவை மெஷினில் ஜல்லியைக் கொட்டியதுபோல் கடகடக்க ஆரம்பித்தது.

மறுநாள் வைத்தியத்தைத் தீவிரப்படுத்தினேன். மோட்டார் மூடியின் ஓ-ரிங்குக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். அதற்கும் மசியாததால், ஃபில்டர் தலையில் ஆறு நிலைகளோடு இருந்த பெரிய வால்வை, மோட்டார் ஓட ஓடத் திருப்பினேன். உள்ளே 'டக்' என்றது. குளத்துத் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியே அடுத்த தோப்புக்குப் பாய்ந்தது. தென்னைகள் ஒன்றும் சொல்லவில்லை, தோப்புக்காரர் சொன்னார்.

மூன்றாம் நாள் தென்காசியிலிருந்து பிளம்பர் தம்பி வந்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் சத்தத்தைக் கேட்டார்.

"அண்ணாச்சி, மோட்டார் தண்ணி கேட்டு அழுவுது. நீங்க தொண்டையைப் பிடிச்சு வச்சிருக்கீங்க."

உறிஞ்சுகிற பக்கத்தை அடைத்தால் அழுத்தம் இறங்கி, அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழியாகுமாம். அந்தக் குமிழிகள் உள்ளே சுழலும் சக்கரத்தருகே நசுங்கி உடைகிற சத்தம்தான் ஜல்லிச் சத்தம். வேகத்தைக் குறைப்பதென்றால் தண்ணீர் வெளியேறும் பக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். எண்ணெயில் ஊறி உப்பிய ஓ-ரிங் வழியாகக் காற்று வேறு புகுந்திருந்தது. "நம்ம தென்காசிக் கோயில் கோபுர வாசல்ல காத்தடிச்சா சொகம். மோட்டாருக்கு ஆகாது அண்ணாச்சி. இதுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போடணும்." பெரிய வால்வைத் திறந்து, சிலந்தி வலை மாதிரி ஒரு ரப்பரை எடுத்துக் காட்டினார். பிய்ந்திருந்தது. "மோட்டார நிப்பாட்டிட்டுத்தான் இதத் திருப்பணும்" என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை.

அவர் வேலை செய்யும்போது பேரருவியை நினைத்துக்கொண்டேன். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் சிற்றாறு, நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்த பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. இல்லாவிட்டால் எண்ணெய் தேய்த்த தலை கழுத்தில் நிற்காது. அதுவும் வால்வுதான். கைப்பிடி இல்லாததால் இத்தனை காலம் என்னைப் போன்றவர்களிடமிருந்து தப்பித்திருக்கிறது.

அன்றிரவு நல்ல தூக்கம். காலையில் மூன்றாம் அறை மதுரைக்காரர் முறைப்போடு வந்தார்.

"ரெண்டு நாளா ராத்திரி பூரா ஐந்தருவி என்னமா விழுந்துச்சு! அதக் கேக்கத்தான் இன்னொரு நாள் தங்குனோம். நேத்து ஒரு பொட்டுச் சத்தம் இல்லையே?"

வந்த விருந்தாளி வருத்தத்தோடு போகலாமா? மெதுவாக மோட்டார் அறைக்குப் போனேன். பால் வால்வின் கைப்பிடியைப் பிளம்பர் தம்பி கழற்றிக்கொண்டு போயிருந்தார்.