முக்கால் விரற்கடை: கையடக்கம் குறித்த ஓர் ஆராய்ச்சி

'கையடக்கம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கை இருக்கிறது, அடக்கம் இருக்கிறது, கிராம் இல்லை. பொருள் இவ்வளவு தெளிவாக இருந்தும், கைக்கணினிகளை ஒப்பிடப் புகுந்தோர் பலரும் தராசோடு வந்து நின்றது வியப்புக்குரியது. 2012இல் நான்கு மாத இடைவெளியில் அறிமுகமான கூகுளின் நெக்சஸ் 7, ஆப்பிளின் ஐபேட் மினி இரண்டையும் சான்றாகக் கொள்வோம். முன்னது 340 கிராம், தடிமன் 10.45 மி.மீ. பின்னது 308 கிராம், 7.2 மி.மீ. தராசும் அளவுகோலும் மினிக்கே மாலை போடுகின்றன. ஆயினும் கனத்துத் தடித்த நெக்சஸே கையடக்கமானது என்பது இக்கட்டுரையின் துணிபு. காரணம் அகலம்: நெக்சஸ் 120 மி.மீ., மினி 134.7. வேறுபாடு ஏறத்தாழ முக்கால் விரற்கடை. கட்டைவிரல் ஒரு விளிம்பையும் மற்ற விரல்களின் நுனி எதிர் விளிம்பையும் கவ்வினால் அதற்குப் பெயர் பிடி. நுனி எட்டாமல் உள்ளங்கையில் ஏந்தினால் அது தாம்பாளம். அகலமே பிடியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஓலைச்சுவடியே சான்று: பனையோலை இயல்பிலேயே ஒடுக்கமானது. சுவடி எவ்வளவு நீண்டாலும் இடக்கை ஒன்றுக்கே அடங்கியது, எழுத்தாணிக்கு வலக்கை மிஞ்சியது.

எடைக் கட்சியார் 32 கிராமைக் காட்டி மறுப்பார்கள். பவுன் கணக்கில் அது நான்கு. நான்கு பவுன் சங்கிலி கனக்கிறதென்று யாரும் கழற்றி வைப்பதாகத் தெரியவில்லை. திரைக் கட்சியார், மினியின் திரை 29.6 சதுர அங்குலம், நெக்சஸினுடையது 21.9 என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பார்ப்பதற்கான வாதம், சுமப்பதற்கானதன்று. மினியின் பக்க ஓரங்கள் மெலிந்தவை, அகலம் வீணாகவில்லை என்பது சற்றே வலுவான மறுப்பு. ஓரம் மெலிந்ததும் கட்டைவிரல் திரைமேல் ஏறிவிட்டது. அது சும்மா கிடக்கிறதா, ஏதேனும் கேட்கிறதா என்று பிரித்தறிய ஆப்பிள் மென்பொருளுக்குத் தனியே பாடம் நடத்த வேண்டியிருந்தது. பிடிக்க இடம் விட்டிருந்தால் பாடம் எதற்கு? நெக்சஸின் முதுகோ ரப்பர் போன்ற, சிறுகுழிகள் நிறைந்த பரப்பு. வியர்த்த கையிலும் நழுவாது. மினியின் அலுமினியத்துக்கு அந்த இரக்கம் கிடையாது.

7 அங்குலக் கணினி வாங்குவோருக்கு விரலைத் தேய்த்துச் சிறிதாக்க உப்புத்தாளும் சேர்த்துத் தர வேண்டும் என்று 2010 அக்டோபரில் கேலி செய்தார் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். விரலின் தடிமனை எண்ணியவர் அதன் நீளத்தை எண்ணவில்லை. (இரண்டே ஆண்டில் அவர் நிறுவனமே 7.9 அங்குலத்துக்கு இறங்கி வந்தது வேறு கதை.) 2013இல் வந்த அடுத்த நெக்சஸ் 7 அகலத்தில் 114 மி.மீ. ஆக ஒடுங்கியது, எடையும் 290 கிராமாகக் குறைந்தது. 2021இன் ஐபேட் மினி 293 கிராம், தடிமன் 6.3 மி.மீ. அகலம் 134.8. ஒன்பது ஆண்டுகளில் 0.1 மி.மீ. கூடியிருக்கிறது.