கொள்கை ஆதரவும் கையெழுத்தும்

கேள்வி: கட்சியின் கல்வி, பொருளாதாரக் கொள்கைகளை முழுமையாக ஆதரிக்கிறேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. இரண்டும் மோதினால் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் 2010 தேர்தலின்போது லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று மாணவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அரசின் பற்றாக்குறையைக் குறைப்பதும் அதே கட்சியின் கொள்கைதான். கன்சர்வேடிவ்களோடு ஆட்சியில் அமர்ந்தார்கள். அந்த டிசம்பரிலேயே கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் வாக்கெடுப்பு வந்தது. எதிர்த்து வாக்களித்த அக்கட்சி எம்.பி.க்கள் 21 பேர்தான்.

கூட்டணி என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்க கூட்டணி ஒப்பந்தமே அவர்களுக்கு வழி வைத்திருந்தது. பலர் அதைக்கூடப் பயன்படுத்தவில்லை. ஆண்டு வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டிய பிறகே கட்டணத்துக்கான கடனைக் கட்டினால் போதும், எனவே ஏழை மாணவருக்குப் பாதகமில்லை என்ற வாதமும் அப்போது இருந்தது. அதில் நியாயம் இருக்கிறது; அதைத் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2012இல் கட்சித் தலைவர் நிக் கிளெக் மன்னிப்புக் கேட்டார். 2015இல் கட்சி 57 இடங்களிலிருந்து 8க்குச் சரிந்தது; கட்டணம் மட்டுமே காரணமல்ல, ஆனால் மாணவர்கள் அதை மறக்கவில்லை. உங்கள் வேட்பாளரிடம் இன்றே கேளுங்கள்: பணம் போதாவிட்டால் எதை வெட்டுவீர்கள்?