செயலிக்கு முன் சந்தை

கேள்வி: கணினியியல் பயிலும் மாணவன் நான். பணம் செலுத்தும் செயலி ஒன்றைப் படைக்க வேண்டுமென்ற ஆசை என்னை உறங்கவிடவில்லை. எல்லாவற்றையும் பிறர் செய்து முடித்துவிட்ட பின் எனக்கென்ன மிச்சம்?

பதில்: மிச்சம் ஏராளம், தம்பி, ஆனால் அதைக் கணினித் திரையில் தேடாதே. 2005-ஆம் ஆண்டு கென்யா தேசத்தில், சிறுகடன் பெற்ற ஏழைகள் தவணையைக் கைப்பேசி வழியே கட்டுவதற்கென ஒரு முறையைப் பரீட்சித்தபோது, ஜனங்கள் அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ளத் தொடங்கியதைக் கண்ட நிபுணர்கள், தங்கள் மூல சங்கற்பத்தையே பற்றிக்கொண்டு பிடிவாதம் செய்யாமல், அந்த உபயோகத்தைப் பிரதானமாக்கி, 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனத்தின் வாயிலாக எம்-பெசா என்ற பெயரில் வெளியிட்டார்கள். இணையம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். சாதாரணக் கைப்பேசியின் சிம் அட்டையும், ரொக்கத்தை வாங்கவும் கொடுக்கவும் ஒரு சிறுகடை முகவரும் போதும் என்ற அந்த எளிமையே, நைரோபியில் உழைக்கும் மகனின் ஊதியத்தைக் கிராமத்துத் தாயின் கையில் சேர்த்தது. என் மதிப்பில், அந்தக் கடைக்காரரே அதன் மகத்தான மென்பொருள்!

நம் இந்திய தேசத்தில் 2016-இல் யுபிஐ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை பிறந்து, சாதாரணக் கைப்பேசிகளுக்கென 2022-இல் 123பே என்ற வழியும் திறந்த பின்னரும், எழுத்தறியாதவரும் பார்வை குன்றியவரும் தம் இரகசிய எண்ணைப் பிறரிடம் ஒப்படைத்து நிற்கும் அவலம் என் நெஞ்சை வருத்துகிறது. அவர்கள் தாமே பணம் அனுப்ப வழி செய். முதலில் ஒரு வாரச் சந்தைக்குப் போய் அவர்கள் அருகே உட்கார்ந்து பார். நிரலை அப்புறம் எழுதலாம்.