பால் ஜோசியர்

குழுவில் புதிதாக ஓர் எண் சேர்ந்தால் போதும், அவர் வேலையைத் தொடங்கிவிடுவார். முதலில் முகப்புப் படம். செம்பருத்திப் பூ என்றால் பெண். புல்லட் என்றால் ஆண். வேலோடு நிற்கும் முருகன் என்றால் ஆண், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர். அதே முருகன் குழந்தையாகச் சிரித்தால், நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற அம்மா. பட்டுப்பாவாடைச் சிறுமி படமும் அம்மாவுடையதுதான். அப்பாக்கள் குழந்தை படத்தை வைக்க மாட்டார்கள் என்பது அவர் வகுத்த சாத்திரம். கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் உருவம் வந்தால்தான் கொஞ்சம் திணறுவார். படத்தை விரலால் பெரிதாக்கித் தோளின் அகலத்தை அளப்பார்.

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. அட்மின்கூட இல்லை. யாரும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்ட பொறுப்பு இது. பைக் குழு, பங்குச்சந்தைக் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு என்று எங்கே போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற பெரியவர் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தைந்து வயதிலும் உண்டு. அவர் எல்லோரையும் ‘ப்ரோ’ என்பார், எங்களுடையவர் ‘சார்’ என்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

படம் காலைவாரினால் பெயருக்குப் போவார். அங்கேதான் தமிழர்கள் அவருக்குத் துரோகம் செய்கிறார்கள். விஜி என்று ஒருவர் வந்து சேருகிறார். விஜயகுமாரா, விஜயலட்சுமியா? மணி என்றால் சுப்பிரமணியமா, மணிமேகலையா? அன்பு, தமிழ் என்றெல்லாம் பெயர் வைத்த பெற்றோர்மேல் அவருக்குத் தீராத வருத்தம். இன்ஷியலும் உதவாது, எஸ். விஜி என்பதில் அப்பா ஆண் என்பது மட்டுமே தெரிகிறது. இதற்கு நடுவே கணவர் பெயரில் வாங்கிய சிம்மில் மனைவி பேசுவதும், அம்மா போனில் பையன் பேசுவதும் தனிக் கொடுமை.

சரி, ஆள் வாயைத் திறந்தாலாவது தெரியுமா? ஹிந்திக்காரர் ‘நான் போகிறேன்’ என்று சொல்வதற்குள் ஜாதா, ஜாதீ என்று குட்டு உடைந்துவிடும். தமிழில் ‘நேற்று அரைக்கீரை விதைத்தேன்’ என்று ஒருவர் எழுதினால் கீரையைப் பற்றி மட்டும்தான் தகவல். தன்மையிலும் முன்னிலையிலும் பால் காட்டுவதில்லை என்று இந்த மொழி எப்போதோ முடிவு செய்துவிட்டது. பிறத்தியாரைப் பற்றிப் பேசவும் ‘அவர்’ இருக்கிறது. ஒருவர் ஆணா பெண்ணா என்று கடைசிவரை தெரியாமலே, மரியாதை ஒரு குந்துமணி குறையாமல், நாற்பது வருஷம் அவரோடு தமிழில் பழகிவிடலாம். இப்படி ஒரு வசதி வாசல்வரை வந்து நிற்கிறது. அவர் கதவைத் திறப்பதே இல்லை. மலையாளத்தில் இன்னும் மோசம். அவன், அவள், அது, யார் வந்தாலும் ‘வந்நு’தான். அவர் பாலக்காட்டைத் தாண்டிப் பிறக்காதது கேரளத்தார் செய்த புண்ணியம்.

கடைசியாக அவர் கையில் இருக்கும் கருவி, கேள்வி. யார் என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடுவார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றால், ‘சகோதரி, லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.’ சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு என்றால் ‘சார்’. புடலங்காய் கோணிக்கொண்டு வளர்ந்தால் ‘மேடம், நுனியில் கல் கட்டுங்க’. பந்தல் சரிந்தால் ‘சார், ஜி.ஐ. பைப் போட்டிருக்கணும்’. பந்தலும் சரிந்து புடலையும் போய்விட்டது என்று யாரோ அழுதபோது மட்டும் ‘சார்/மேடம்’ என்று சாய்கோடு போட்டு ஆறுதல் சொன்னார்.

இதனால் ஒரே எண் வாரத்துக்குள் பலமுறை பால் மாறும். துளசி என்று ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை வெந்தயக்கீரை முளைக்கவில்லை என்றார், ‘சகோதரி’ ஆனார். புதன்கிழமை தேங்காய் நார்க்கழிவில் உப்பு ஏன் தங்குகிறது, எத்தனை முறை அலச வேண்டும் என்று விளக்கினார், ‘அருமை ஐயா!’ வெள்ளிக்கிழமை தக்காளித் தொக்குப் படம் போட்டார், மறுபடி சகோதரி. துளசி எதையும் திருத்துவதில்லை. நானும்தான். என்னையும் அவர் எல்லா வகையிலும் கூப்பிட்டாயிற்று. அதிலிருந்து ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டது. சார் பட்டம் கிடைத்த நாட்களில் நான் சொன்னது எடுபட்டது. மற்ற நாட்களில் சொன்னதற்கு எனக்கே விளக்கம் வந்தது.

இந்தக் கலையில் தமக்கு இளம்பிராயத்திலிருந்தே கை உண்டு என்பார். சுஜாதா ஆண் என்பதை எழுத்தைப் படித்தே கண்டுபிடித்தாராம். ஊருக்கே தெரிந்த கதைதான். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு எழுதினார். ‘ராக்கெட், கம்ப்யூட்டர்னு வருதுல்ல, அங்கேயே பிடிச்சுட்டேன்’ என்று நம்மவர் மார்தட்டுவார். புஷ்பா தங்கதுரை? ‘அதுவும் ஆம்பளைதான், ஸ்ரீவேணுகோபாலன்.’ சரியாகச் சொல்லிவிட்டார். அம்பை? ‘பெரிய எழுத்தாளராச்சே. அம்பாசமுத்திரத்துக்காரர்தானே அவர்?’ சி.எஸ். லட்சுமி என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் முன்னமே தெரியும் என்பார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் ஒருவர் அறிவியல் கதைகள் எழுதினார். ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது. பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, ராபர்ட் சில்வர்பர்க் என்ற பெரிய எழுத்தாளர் 1975-ல் அவருடைய கதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதி, அந்த எழுத்தில் ஆண்மை தப்பாமல் தெரிகிறது என்று அடித்துச் சொன்னார். வெகு சீக்கிரமே டிப்ட்ரீ வெளிப்பட்டார்: ஆலிஸ் ஷெல்டன் என்ற அம்மையார். நம்மவர் வாட்ஸ்அப்பில் செய்வதைச் சில்வர்பர்க் அச்சில் செய்தார், அவ்வளவுதான்.

பொறுமை இல்லாத ஆள் என்றும் அவரைச் சொல்ல முடியாது. பப்பாளி விஷயத்தில் அவர் முனிவர். யாராவது ஒரு சாண் கன்றைப் படம் பிடித்துப் போட்டு ‘இது ஆண் மரமா, பெண் மரமா’ என்று கேட்டால் நிதானமாகப் பதில் எழுதுவார்: ‘பூக்கிற வரைக்கும் யாராலும் சொல்ல முடியாதுங்க. ரெண்டும் கலந்த பூ வைக்கிற மரமும் உண்டு, அதுவும் நல்லாக் காய்க்கும். அவசரப்பட்டுப் பிடுங்கிடாதீங்க.’ சாதாரண மனிதனுக்கு வாய்க்காத ஞானம். அதே நிமிடம், கேள்வி கேட்ட எண்ணின் முகப்புப் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கிக்கொண்டிருப்பார்.

தெரிந்து என்னதான் செய்யப்போகிறார்? பெண் என்று முடிவானால் காலை ஐந்தே முக்காலுக்கு ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம் சகோதரி’ தனியாகப் போகும். அதில் கெட்ட எண்ணம் கிடையாது என்றே நம்புகிறேன். ஆனால் எண்ணம் எதுவானாலும் அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் பூவையும் சாமியையும் மாட்டி வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் பூவையும் எடுத்துவிட்டார்கள். இணையத் தமிழர்கள் இதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். சகோதரனா, சகோதரியா என்ற வம்பு வால்பகுதியில்தானே இருக்கிறது என்று அதை நறுக்கிவிட்டு ‘சகோ’ என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அரைகுறையாகக் கூப்பிடுவது அவமரியாதையாம்.

மரியாதைதான் அவருடைய பெரிய சிக்கல். தூதுவளை என்ற பெயரில் ஒருவர் சேர்ந்தார். சின்ன வயது என்று தோன்றியது. ‘எனக்கு சார், மேடம் ரெண்டும் வேண்டாம். பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, அவர்னு சொன்னாப் போதும்’ என்று எழுதினார். குழு அமைதியானது. அவர் தட்டச்சு செய்வதும் நிறுத்துவதுமாக நெடுநேரம் ஓடியது. கடைசியில் வந்தது: ‘சரிங்க தம்பி. தங்கச்சியா இருந்தா மன்னிக்கவும்.’ இரண்டும் இல்லாமல் ஒருவர் இருக்கலாம் என்ற மூன்றாவது மன்னிப்பு அவர் கையிருப்பில் இல்லை. இந்த மாநிலத்தில்தான் 2008-ல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைந்தது. பால் வேறுபாடுகளைக் கண்ணியமாகக் குறிப்பதற்கென்று ஒரு சொற்பட்டியலை உயர்நீதிமன்றம் வலியுறுத்த, அரசிதழில் 2022-ல் வெளியிட்டார்கள். அவர் உறுப்பினராகாத ஒரே குழு அரசிதழ்தான் போலிருக்கிறது.

‘எல்லாம் மேல்நாட்டு நோய். நம்ம தமிழ்ல இதெல்லாம் கிடையாது’ என்று அன்றிரவே ஒரு போடு போட்டார். அதற்குத் துளசி ஒரு பதில் எழுதினார். தூரத்தில் தோன்றுவது ஆணோ பெண்ணோ என்று ஐயம் வந்தால் பன்மையில் சொல்லிவிடு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே விதி இருக்கிறது. ஆங்கிலத்தார் ஒரே ஆளைக் குறிக்கவும் ‘தே’ என்று பன்மையைச் சொல்லலாமா என்று அடித்துக்கொண்டு, ஒருவழியாக 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக்கியது. நமக்கு அது இலக்கணத்தின் ஆரம்பப் பாடம். படித்ததும் அவர் உருகிப்போனார். ‘பார்த்தீங்களா! நம்ம முன்னோர் சொல்லாதது ஒண்ணுமில்லை. பகிர்ந்தமைக்கு நன்றி ஐயா’ என்று கைகூப்பி, தம்மிடமுள்ள எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவைத்தார். மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, புதிதாகச் சேர்ந்த எண்ணின் தோளை அளந்தார்.

அவருடைய ஜோசியத்தில் உச்சம் மண்புழு. அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், படமும் மண்புழுதான். மண்புழுவுக்கு ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே உடம்பில் என்பதால் ஜோசியருக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆள் போட்ட முதல் பதிலே சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. ‘தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம். உங்கள் தொட்டி ஒன்றரை மீட்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் அதற்கு வேலை செய்யாது, சாதா டிரிப்பர் போடுங்கள்.’ அவர் மெய்சிலிர்த்து, ‘சார் பி.இ.யா?’ என்று கேட்டார். ‘இல்லை’ என்று வந்தது. ‘என்ன அடக்கம்!’ என்று எழுதினார். அன்றிலிருந்து மண்புழு சார் குழுவின் பீஷ்மர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விதைப் பரிமாற்றத்துக்காக அண்ணா நகர் டவர் பூங்காவில் கூடினோம். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். பின்னாலேயே இரண்டு கட்டைப்பைகளோடு அவர் கணவர். ‘மண்புழு வந்தாச்சு’ என்று யாரோ கூவ, நம்மவர் ஓடிப்போய்க் கட்டைப்பைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ‘சார்! உங்களைப் பார்க்கணும்னு எத்தனை நாள் ஆசை!’

‘நான் பை தூக்க வந்தவன்’ என்றார் அந்த மனிதர். ‘மண்புழு அவங்க.’

கைகளை விட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ‘அப்படிங்களா மேடம்’ என்று திரும்பினார். ‘சார் சொல்லச்சொல்ல நீங்க டைப் பண்றதா?’ அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் சுரை விதையை நீட்டினார். வாங்கிக்கொண்ட நம்மவர், அழுத்தம் என்றால் என்ன, அதைப் பார் கணக்கில் எப்படிச் சொல்வார்கள், தொட்டியை ஏன் உயரத்தில் வைக்கிறோம் என்று அவருக்கு எளிமையாக, பொறுமையாக, கையால் உயரம் காட்டி விளக்கத் தொடங்கினார். எல்லாம் மண்புழு குழுவில் எழுதிய வரிகள். ஒரு சொல்கூட மாறவில்லை.

அன்று இரவே குழுவில் யாரோ டிரிப்பர் அடைத்துக்கொண்டது என்று கேட்டார்கள். உப்புத் தண்ணீராக இருக்கும், கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள், வடிகட்டியையும் பாருங்கள் என்று மண்புழு பதில் எழுதினார். அதற்குக் கீழே நம்மவர்:

‘மேடம் சொல்றது சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் விவரம் தெரிஞ்ச சார் யாராவது ஒரு தடவை உறுதிப்படுத்தினா நல்லது.’

துளசி ‘சரிதான்’ என்று ஒரே ஒரு சொல் போட்டார்.

‘நன்றி துளசி சார்.’