முச்சீட்டியல்: நூற்பாவும் உரையும்

பாயிரம்: த்ரீ கார்டு போக்கர் என்னும் ஆட்டத்தை 1994இல் இயற்றியவர் டெரிக் வெப் என்னும் ஆங்கிலேயர். அதற்கு எழுந்த வழிநூல் இது. வழங்கும் எல்லை, லாஸ் வேகாஸ் முதலான இடங்களின் சூதாட்டக்கூடங்கள். கேட்போர், கையில் காசுள்ளோர். பயன், அக்காசு மெல்லக் கரைதல்.

1. எதிரி உண்டு, எண்ணம் இல்லை.

உரை: பிற போக்கர் ஆட்டங்களில் எதிரியின் முகம் பார்த்துக் கையை ஊகிப்பர். இங்கே எதிரி டீலர் ஒருவரே. அவர் விதிப்படி நடப்பவர். முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே இம்மேசைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வருபவரைக் கண்வலிக்காரர் என்று கொள்க.

2. ராணியில் தாழ்ந்தால் டீலர் ஆடார்.

உரை: முன்பந்தயம் கட்டி மூன்று சீட்டு பெறுக. பார்த்தபின் கவிழ்த்துவிட்டுப் பந்தயத்தை இழக்கலாம். அன்றி, அதே அளவு இன்னொன்று கட்டி ஆடலாம். டீலர் கை ராணிக்குக் கீழாயின், முன்பந்தயத்துக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். இரண்டாம் பந்தயம் வளராமல் திரும்பும். அவர் தகுதி பெற்றும் தோற்றால் இரண்டுக்கும் கிடைக்கும். வென்றால் இரண்டும் போகும்.

அஃதேல், கூடத்துக்கு ஆதாயம் எங்ஙனம் எனின், இருவர் கையும் குப்பையானால் முதலில் கவிழ்ப்பவர் ஆட்டக்காரரே. அவர் காசு போனபின் டீலரின் குப்பையை யாரும் விசாரிப்பதில்லை.

3. வரிசை பெரிது, ஒரே சின்னம் சிறிது.

உரை: ஐந்து சீட்டு ஆட்டத்தில் இது தலைகீழ். மூன்று சீட்டில் வரக்கூடிய கைகள் 22,100. அவற்றுள் வெறும் வரிசை 720, வரிசையல்லாத ஒரே சின்னம் 1,096. அரியதே பெரியது என்றவாறு.

4. ராணி ஆறு நான்கே எல்லை.

உரை: அதற்குக் கீழ் எதுவாயினும் கவிழ்க்க, அதுவும் அதற்கு மேலும் ஆடுக. ராணி-ஏழு-இரண்டு ஆடத்தகும், ராணி-ஆறு-மூன்று தகாது. வழக்கமான பரிசுப் பட்டியலின்படி, எந்தக் கையையும் விடாமல் ஆடுபவர் 100 டாலர் முன்பந்தயத்துக்குச் சராசரியாக 7.65 டாலர் இழப்பார். டீலரைப் போலவே ராணியோ அதற்கு மேலோ வந்தால் மட்டும் ஆடுபவர் 3.45 இழப்பார். இந்நூற்பாவை ஐயந்திரிபறக் கற்றவர் 3.37 இழப்பார்.

கற்றவரும் டீலரைப் பின்பற்றுபவரும் வேறுபடுவது 480 கைகளில் மட்டுமே. ஆகவே புலமையின் விலை 100 டாலருக்கு 8 சென்ட் என்பது பெறப்பட்டது. இவ்வுரையை விலை கொடுத்து வாங்குவோர், அப்பணத்தை மீட்க நெடுங்காலம் ஆடவேண்டியிருக்கும்; ஆடுந்தோறும் 3.37 தொடரும்.

ஆடாதிருப்பார் இழப்பது எவ்வளவு என்று மாணாக்கர் வினவுவர். அது நூலின் எல்லைக்குப் புறம்பாதலின் இங்குக் கூறப்படவில்லை.