மேடை ஏறும் கல்

தன் கையே தனக்கு உதவி என்று சொன்னவர் கிரானைட் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கல், சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ வரும். 10 அடி நீளம், 2 அடி அகலத்தில் சமையல் மேடை என்றால் 100 கிலோ: நன்றாகச் சாப்பிடும் ஒரு மாமாவும், அவர் மடியில் ஒரு பேரனும். மாமாவிடமாவது சற்று எழுந்து நடக்கச் சொல்லலாம். திருச்சிக்குப் பக்கத்தில் காவிரி வண்டலில் உட்கார்ந்திருக்கும் ஜீயபுரத்தில் வாழைக்குக் குறைவில்லை. பளபளப்பான கல்தான் வெளியூரிலிருந்து லாரி ஏறி வரவேண்டும். பிளாக் கேலக்ஸி ஆசைப்பட்டால் அது ஆந்திராவின் சீமகுர்த்திச் சரக்கு. அவ்வளவு தூரம் முழுசாக வந்த கல்லை, வாசலிலிருந்து அடுப்படி வரை நாமே கொண்டுபோய்ப் போட்டால் என்ன என்று குடும்பத் தலைவருக்கு ஒரு வீரம் வருகிறது. கல் உடைவது பெரும்பாலும் அந்தக் கடைசி 20 அடியில்தான். படுக்கை வாட்டில் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடலாம். குத்துவாட்டில் நிமிர்த்தித்தான் தூக்கவேண்டும். சிங்க்குக்கு வெட்டிய பிறகு முன்னும் பின்னும் மூன்று நான்கு விரல் அகலத்துக்குத்தான் கல் மிஞ்சும். போவதென்றால் முதலில் போவது அந்த இடம். நான்கு பேர் தூக்க, ஒருவர் ‘மெதுவா, மெதுவா’ என்று கத்துவதற்கும் கூலி வாங்குகிறாரே என்று வயிறு எரியவேண்டாம். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் ரேழியில் கல் திரும்பும்போது அந்தக் குரல்தான் காப்பாற்றும்.

வெளிநாட்டில் எல்லாரும் தாங்களே போட்டுக்கொள்கிறார்களே என்பார்கள். அவர்கள் போடுவது பெரும்பாலும் லேமினேட் ஒட்டிய மரத்தூள் பலகை. அலமாரியின் மேல் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் ஆயிற்று. கருங்கல் வாங்கினால் அவர்களும் ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். தண்ணீர் விடாமல் கல் அறுத்தால் பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. வீடியோவில் அந்தத் தூள் நம் மூக்கு வரை வருவதில்லை. கூலி மிச்சம் என்ற கணக்கில் கட்டிங் மெஷினின் விலை சேர்வதே கிடையாது. ஒரு நாள் ஓடிவிட்டுப் பரணில் ஓய்வுபெறும் மெஷின் அது. மலைக்கோட்டையைக் குடைந்த ஊர்க்காரர்கள் நாம், இதற்குப் போய்ப் பயப்படுவதா என்று ரோஷப்படுபவர்களும் உண்டு. அங்கே குடைவரை எடுப்பித்தவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். அவன் உளி பிடித்தான் என்று யாரும் சொல்லவில்லை; கல்வெட்டில் பெயரைப் போட்டுக்கொண்டதோடு சரி. நல்ல முன்மாதிரி.

எடையைக்கூட ஆள்பலத்தால் சமாளித்துவிடலாம். வாட்டம்தான் ஆளைக் கவிழ்ப்பது. மேடையில் சிந்திய தண்ணீர் சிங்க்கை நோக்கி ஓடவேண்டும். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியவும் கூடாது, சாம்பார்ச் சட்டி ஒரு பக்கம் சாயவும் கூடாது. ரசமட்டத்தில் குமிழி ஒரு நூல் விலகி நிற்கிற அளவு. ஜீயபுரத்துக்குத் தெற்கே வயல்களைத் தாண்டினால் உய்யக்கொண்டான் வாய்க்கால். சோழர் காலத்தது என்பார்கள்; பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து சுமார் 70 கிலோமீட்டர், மோட்டார் இல்லாமல் வெறும் வாட்டத்திலேயே ஓடுகிறது. அதன் கரையில் வீடு கட்டி, பத்தடி மேடையில் தண்ணீரை அடுப்புப் பக்கம் திருப்பிவிடுகிறவர்களை என்ன சொல்வது?

ஆனால் வீட்டுக்காரர்கள் தாங்களே செய்தே தீரவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத்தான் கொத்தனார் தலையில் கட்டுகிறார்கள். உயரம் சொல்வது. சொல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் 32, 33 அங்குலம் வைத்துவிட்டுப் போவார். சொன்னாலும், அந்த அடுப்படியில் வெந்நீர்கூட வைத்தறியாத ஆண்மகன் தன் இடுப்பை அளந்து சொல்வார். சமைப்பவரைச் செருப்பில்லாமல் நிற்கவைத்து, மடக்கிய முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே கோடு போடவேண்டும். நறுக்குவதற்கும் பிசைவதற்கும் தோளைத் தூக்காத உயரம் அது. அடுப்பு இருக்கும் பக்கம், அடுப்பின் உயரத்தையும் கழித்தால் இன்னும் நல்லது. சமைப்பவர் ஒருவரே என்றால் காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மாமியார் ஐந்தடி, மருமகள் ஐந்தரை அடி என்றால் யார் முழங்கைக்குக் கோடு போடுவது என்று எந்த ரசமட்டமும் சொல்லாது. கொத்தனாரும் சரியாக அந்த நேரம் பார்த்து டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போயிருப்பார்.