குதிகால் அளவு

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் குழி தோண்ட எங்களுக்குக் குதிகால் போதும். ஊன்றி ஒரு சுற்று சுற்றினால் கோலி விழும் அளவுக்குக் குழி தயார். சித்திரைத் தேர் ஓடினால் எல்லாம் மூடிப்போகும். வடம் பிடித்தவர்கள் மிதித்து இறுக்கிய மண்ணில் மறுநாள் புதுசாகத் தோண்டுவோம். தோற்றவன் முட்டியை மடக்கி நீட்ட வேண்டும், ஜெயித்தவன் கோலியால் அடிப்பான். விரல் மூட்டு வீங்கியும் கையை இழுத்துக்கொள்ளாதவனுக்கே மறுநாள் ஆட்டத்தில் இடம். பையன்கள் மட்டும்தான், பெண் பிள்ளைகள் திண்ணையோடு சரி. எல்லாத் தெருப் பையன்களும் வந்துவிடவும் முடியாது. ஏழு மதிலுக்கும் வாசல் திறந்தே கிடந்தது என்று பெருமை பேசுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இப்போது அங்கே தார் ரோடு, வெளியூர் வேன்கள். குதிகால்தான் தேயும்.

போன மாசியில் குருகிராமில் அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய மேலதிகாரி டி.எல்.எஃப். கோல்ஃப் கிளப்பில் மெம்பர். தயவில் நானும் மட்டை பிடித்தேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. 1999இல் திறந்தபோது ஆர்னால்டு பால்மர் வடிவமைப்பு. பிறகு கேரி பிளேயர் வந்து 18 குழி போட்டார். ராத்திரியில் விளக்குப் போட்டும் ஆடுகிறார்கள். நான் ஆடிய லட்சணம் இருக்கட்டும், கோலிக்காரன் தீர்ப்பைச் சொல்கிறேன்.

குழி, உலகம் முழுக்க நாலேகால் அங்குலம். எங்களுக்கோ தோண்டியவன் குதிகால்தான் சட்டம். வெயில் நாட்டு கோல்ஃப் மைதானங்களில் பரவலாகப் போடும் பெர்முடா புல், மலைக்கோட்டை அடிவாரத்தில் பிள்ளையாருக்கென்று விற்கிற அதே அருகம்புல் இனம். இங்கே அதற்குத் தினம் சவரம். மணல் பள்ளத்தில்தான் அசந்துபோனேன். பந்தை அடித்து வெளியேற்றியதும், மிதித்த தடத்தை வாரிச் சமன் செய்துவிட்டுத்தான் நகர வேண்டுமாம். கொள்ளிடத்து மணல் லாரி லாரியாகப் போனதைப் பார்த்தவனுக்கு இந்த மரியாதை புதுசு.

2017 இந்தியன் ஓப்பனை இங்கே ஜெயித்தவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். அவரைக் கேட்காமலே எங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் பதினாலாவது மாடி பால்கனியில் அண்ணன் மகனைக் கேட்டேன்: "நீ இங்க ஆடறதில்லையாடா?"

"நான் மெம்பர் இல்ல, சித்தப்பா. ஆனா பாக்கறதுக்கும் சேத்துத்தான் வாடகை."

"பாக்கறதுக்கா?"

"நம்ம வீடு பரவாயில்ல. இங்கேருந்து ரெண்டு குழிதான் தெரியும்."